எரிப்பதற்குக் கட்டிய வீடு

அந்த மண்சட்டியில் நான் ஒருநாளும் சமைத்ததில்லை. அடியில் பால் தீய்ந்த கறை அப்படியே இருக்கிறது. தேய்த்தால் போய்விடும், தேய்க்கவில்லை.

சண்டை நடந்த காலம். வீடு எரிகிற காட்சி ஒன்றைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து எங்கள் கண்டக்குழிக் கரைக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு என் வீட்டிலிருந்து போனது. படத்துக்கு நெருப்பும் புகையும் மழையும் உண்டாக்குகிறவர் ஒரு சிலாபத்துக்காரர். புகை மாத்தயா என்போம்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் கதைப்பார். வீட்டின் முன்பக்கத்தை மட்டும் பலகையில் நிறுத்தினால் போதும் என்று இயக்குநர் சொன்னாராம். இவர் விடவில்லை. "முன்பக்கம் மட்டும் கட்டினா நெருப்புக்குத் தெரிஞ்சிரும்" என்றார் எங்களிடம். அந்தக் கதைக்காகவே அவருக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன்.

வடக்கில் வீட்டை விட்டுவிட்டு வந்து முகாமில் இருந்த முஸ்லிம் நானா ஒருவரை மாத்தயா வேலைக்குப் பிடித்தார். அவருடைய வீடு எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டே கட்டினார். கிழக்கு வாசல், நீல யன்னல், குசினிச் சுவரில் விளக்கு மாடம். மழைக்கு ஒழுகுகிற முகாம் கொட்டிலைவிட நல்ல வீடாக அது எழும்பிவிட்டது. வினை அங்கேதான்.

எரிக்கிற அன்று காலை நானாவின் மனைவி, ராத்தா, என்னிடம் புதுச்சட்டி ஒன்று கேட்டார். வாய் ஓயாத நான் அன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. சோறு கொண்டு போனபோது, அந்த வீட்டுக் குசினியில் மூன்று கல் வைத்துப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வாசல் கூட்டி, பாய் விரித்திருந்தது. "எரிக்க ஒண்டு வேணுமெண்டா எங்கட கொட்டில எரிங்க மாத்தயா. இது இருக்கட்டும்" என்றார் ராத்தா.

புது வீட்டில் பால் பொங்க வைப்பது புகை மாத்தயாவின் ஊர் ஆட்களுக்கும் வழக்கம். விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மண்ணெண்ணெய் வாளியை மணலில் வைத்துவிட்டு இயக்குநரிடம் போனார். கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். ஆனால் கரையில் தீ மூட்ட இராணுவம் அனுமதி தந்தது அந்த ஒரு பின்னேரத்துக்குத்தான். இயக்குநரும் கெட்டவரல்ல, தலை குனிந்துகொண்டார். திரும்பி வந்த மாத்தயா, "நான் முன்பக்கம் மட்டும் கட்டியிருக்கோணும்" என்றார்.

அடுப்பை அணைத்து, சட்டியைத் தானே தூக்கி வந்து என் கையில் தந்தார். பிறகு தீ வைத்தார். படத்தில் வீட்டுக்காரராக நிறுத்தியிருந்த நானா, ஓடவேண்டிய இடத்தில் ஓடாமல் நின்று அழுதார். அழும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. அசலாக வந்திருக்கிறது என்று படக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். சட்டியை நீட்டினேன். "அது உங்கட சட்டிதானே" என்று ராத்தா நடந்துவிட்டார்.

இப்போது மகன் போனில் படம் காட்டுகிறான். கணினியில் செய்த தீயில் முழு ஊரே எரிகிறது. சூடில்லாத நெருப்பும் ஒரு நெருப்பா என்று நானும் சொல்வதுண்டு. பொய்யில்லை, அன்றைக்குக் கூரைக் கிடுகு வெடித்த சத்தமும் முகத்தில் அடித்த அனலும் எந்தப் போனிலும் இல்லை. ஆனால் அந்த ஊர்களில் பால் காய்ச்ச யாரும் போகப்போவதில்லை. கதைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தால் சட்டி இருக்கும். எடுப்பேன், கறையைப் பார்ப்பேன், இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.