எட்டாம் நாள் இலையில் ஒரு பொறை

என் அக்கா குணசுந்தரி இறந்த எட்டாம் நாள், அவள் புருஷன் ராஜவேலுவை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவுக்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

அக்காவை 1959-இல் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கொடுத்தோம். ராஜவேலுவுக்குப் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை, இரண்டு ஜோடி மாடு, பம்ப்செட். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். விசாரித்த இடத்திலெல்லாம் நல்ல இடம் என்றார்கள். எதிரில் நிற்பவருக்கும் மனசு என்று ஒன்று உண்டு என்பது மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. நாங்களும் விசாரிக்கவில்லை.

அக்கா ஐந்தாவதோடு நின்றவள். நான் மெட்ராஸில் பி.ஏ. முடித்துத் திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஆனால் ஒருவர் வாசலில் வந்து நிற்கிற விதத்திலேயே அவருக்கு என்ன குறை என்று கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் அவளிடம்தான் இருந்தது. அவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டிய துலுக்காணத்தின் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தவர், பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் மாட்டுக் கொட்டகையிலேயே நின்றாராம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணா, கயிறெல்லாம் இத்துப்போச்சி, நீதான் திரிச்சிக் குடுக்கணும்" என்று உட்கார வைத்துச் சோறு போட்டாள். ஒரு மாதம் தினமும் கயிறு திரித்தார். ஊர் மாட்டுக்கெல்லாம் கட்டினாலும் மிஞ்சுகிற அளவு கயிறு அந்த வீட்டில் சேர்ந்தது.

ராஜவேலுவின் தம்பி கோபாலுடைய மனைவி ரத்னாவுக்குக் குழந்தையில்லை. அக்காவின் வளைகாப்பில் அவளை யாரும் கூப்பிடவில்லை; அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மணையை விட்டு எழுந்து போய் அவள் முன்னால் கையை நீட்டி, "மொதல் வளையல் நீ போடு, அப்பதான் நான் மணைல ஒக்காருவேன்" என்றாள். ரத்னா ஈரக் கையோடு போட்டாள்.

அந்தக் குழந்தை செத்துப் பிறந்தது. 1963, தை அறுப்பு நேரம். ரத்னாவின் கை ராசிதான் காரணம் என்று பேசினார்கள். அக்கா அந்த முதல் வளையலைக் கழற்றவே இல்லை.

மூன்றாம் நாள் ராஜவேலு அறைக்குள் வந்து நின்றார். "செத்துப் பொறந்ததுக்கு எத்தினி நாளு ஒக்காந்துக்கினு இருப்பே? களத்துல பன்னெண்டு பேரு இருக்கானுங்க. எழுந்து சோறாக்கு." கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். மாட்டுக்கு வைக்கோல் போடச் சொல்கிற குரல். அக்கா எழுந்து பன்னிரண்டு பேருக்குச் சமைத்தாள். இதை ஒரு நாளும் அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் பிணம் வாசலில் கிடந்தபோதுதான் ரத்னா சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது.

அவளைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகிவிட்டதை முதலில் பார்த்தது ராஜவேலு இல்லை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கங்கம்மா. "படுத்துக்கினே இருக்கறதுக்கு ஒரு சாக்கு" என்று ராஜவேலு ஒரு வாரம் தள்ளினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. 1972, தை.

எட்டாம் நாள், இறந்தவர் விரும்பித் தின்றதையெல்லாம் இலையில் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்டாட்டி செத்தால் புருஷன்தான் இலை வைக்க வேண்டும். பால் தெளித்துவிட்டு வந்த அன்று ராஜவேலு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், உங்க அக்காவுக்கு இன்னா புடிக்கும்?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. இந்த மனிதருக்குத் தெரியாது. பதிமூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டவருக்குத் தெரியாது.

"உங்களுக்குத் தெரியாததா மாமா, எனக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அன்றே ரத்னாவிடம் போனேன். "அவர் வந்து கேட்டா சொல்லாதே."

"அப்பவே கேட்டாச்சிண்ணா. எனக்கு இன்னா தெரியும் மாமான்னுட்டேன்."

துலுக்காணத்திடம் போனேன். சமையலுக்கு வரும் பெண்களிடம் போனேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் இதற்காகவே காத்திருந்த மாதிரி தலையாட்டினார்கள். அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று நானும் அவர்களைக் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே: முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. நான் எப்போது போனாலும் அதைத்தான் சுடுவாள். எங்கள் வீட்டில் சுட்டு எடுத்துக்கொண்டு போய், ராஜவேலு வைத்த இலைக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைப்பது என்பது என் திட்டம்.

கங்கம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கூடையோடு வாசலில் நின்றுவிட்டுப் போகிறவளைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

எட்டாம் நாள் பந்தல் நிறைந்திருந்தது. ராஜவேலு இலை வைத்தார். கோழிக் குழம்பு, எறாத் தொக்கு, எண்ணெய்க் கத்திரிக்காய், ஜாங்கிரி. அவருடைய அத்தை ஞானம்மா குனிந்து இலையைப் பார்த்தாள்.

"ஏண்டா ராஜவேலு, செத்தது அவளா நீயா? எல்லாம் உனக்குப் புடிச்சதா இருக்குது?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். ராஜவேலுவின் காது சிவந்தது. இதற்காகத்தான் நான் ஐந்து நாள் காத்திருந்தேன். கொண்டுபோன தூக்குவாளியைத் திறந்து அடையை எடுத்தேன். "பரவால்ல மாமா, நான் கொண்டாந்திருக்கேன்."

இலையில் வைக்கக் குனிந்தபோது பந்தல் கால் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நைனா, அது உனக்குப் புடிக்கும்னு சுடறது. அக்காவுக்குக் கேவுரு ஆவாது, வயித்த வலிக்கும். உனக்குத் தெரியாதா?"

கங்கம்மா. கூடை இல்லாமல் வந்திருந்தாள். ரத்னாவைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் கையிலிருந்த அடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"குப்பம் வரைக்கும் பேச்சு வந்திச்சி. அவர மானங்கெடுக்கறேன்னு எல்லாருமா சேர்ந்து அக்காவப் பட்டினி போடறீங்களே" என்றபடி கங்கம்மா முந்தானையை அவிழ்த்தாள். காகிதத்தில் சுற்றிய நான்கு பொறை. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, கல் மாதிரி காய்ந்த ரொட்டி, அதுதான்.

ராஜவேலுவுக்கு மூச்சு வந்தது. தன்னைவிடக் கீழே ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். "இன்னாது, பொறையா? நாய்க்குப் போடறத எம் பொண்டாட்டி எலைல வைக்கிறியா?"

"ஆமாங்க ஐயா. கொழந்த செத்து மூணா நாளு, பன்னெண்டு பேருக்குச் சோறாக்கிப் போட்டுட்டு கொல்லைல ஒக்காந்துக்கினு இருந்திச்சி. நீ சாப்டியான்னு கேக்க ஒரு நாதியில்ல. எம் மடியில இதுதான் இருந்திச்சி, குடுத்தேன். டீயில தொட்டுத் துன்னுச்சி. அதுலேர்ந்து ஒம்போது வருசம், பொறை இல்லாம நான் இந்த ஊட்டுக்கு வந்ததில்ல."

ரத்னா உள்ளே போய் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். கோபால் தன் அண்ணனை ஏறிட்டும் பார்க்காமல், கோழிக் குழம்பை இலையோரம் தள்ளிவிட்டு நடுவில் பொறையை வைத்தான். துலுக்காணம் கற்பூரத் தட்டை ராஜவேலுவிடம் நீட்டினார். நாய்க்குப் போடுவது என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னதற்கு அவர் ஊர் முன்னால் கற்பூரம் காட்டினார். அதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். என் கையில் இன்னும் அடை இருந்தது.

அதன் பிறகு அவரை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் ஊர் முனையில் டீக்கடை வைத்திருக்கும் கலியன், ராஜவேலு எப்போது டீ கேட்டாலும் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பொறையையும் வைத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார். பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பொறையையே பார்ப்பார்கள். ராஜவேலு அதைத் தொட்டதில்லை. வேறு டீக்கடை வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டிக்குத்தான் போக வேண்டும்.

அக்கா திதிக்கு வருஷா வருஷம் போகிறேன். 1978 தையில் கலியன் கடையில் நானும் ராஜவேலுவும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தலை நன்றாக நரைத்துவிட்டது அவருக்கு. டீ வந்தது, பொறையும் வந்தது. அவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், நீயாவது இந்தக் கலியன்கிட்ட சொல்லேன். இன்னும் எத்தினி வருசத்துக்கு?"

"அக்கா ஒம்போது வருஷம் துன்னா மாமா. உங்களுக்கு இப்பதான் ஆறு ஆவுது."

அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனார். அவர் வைத்துவிட்டுப் போன பொறையைக் கலியன் எடுக்க வந்தார். இருக்கட்டும் என்று சொல்லி, என் டீயில் தொட்டேன்.