கடிக்கிற பிள்ளை

எண்பதுகளின் நடுவில் சத்துணவு பற்றி எழுத, பொம்மிடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பால்வாடிக்குப் போயிருந்தேன். அங்கிருந்த டீச்சர் ஒல்லியானவர், வெளுத்த நூல் புடவை கட்டியிருந்தார். பிள்ளைகளோடு பேசும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

அன்று ஒருவர் தன் மகளின் கையைத் தூக்கிக் காட்டினார். பல் பதிந்திருந்தது.

"இதோட மூணு பிள்ளைங்களாச்சு டீச்சர். அந்த நாய்க்குட்டி பேரை நோட்டுல அடிச்சுட்டு வூட்டுக்கு அனுப்புங்க."

அவர் சொன்னது ஒரு நாலு வயதுப் பெண்ணை. கூலிக்குப் போகும் அவள் தாய்க்குப் பிள்ளையை விட வேறு இடமில்லை. மதியச் சோறும் அங்கேதான்.

டீச்சர் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். "கடிச்சது தப்புதாங்க. ஆனா மூணு பேருமே அவளுக்கு இடப்பக்கம் உக்காந்தவங்க. இன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது."

கடித்த பெண்ணின் பின்னால் உட்கார்ந்து, இடது காதருகே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. வலது பக்கம் மெதுவாகக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

"இடது காதுல சீழ் வடியுதுங்க. ஆள் வர்றது தெரியல, திடீர்னு கை பட்டா பயந்து கடிக்கிறா. இனி அந்தப் பக்கம் சுவர் இருக்கிற மாதிரி உக்கார வெக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அவ ஆத்தாகிட்டயும் பேசறேன்."

"நாளைக்கும் கடிச்சா?"

"அப்ப நான் பார்த்தது பத்தலைன்னு அர்த்தங்க."

வந்தவர் மகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் என் குறிப்பேட்டில் 'முரட்டுப் பிள்ளை' என்று நானும் எழுதியிருந்தேன். முப்பது பிள்ளைகளின் சத்தத்தில், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதை அந்த டீச்சர் எப்படிக் கவனித்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.