கருவாட்டோடு ஒரு படகுச் சவாரி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்க்கும் துபாய்க்கு என் மனைவி காரைக்காலிலிருந்து முதல்முறையாக வந்தாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் பார்சல் வாங்க அறைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். முதல் மாலையாவது நாங்கள் தனியாக இருக்கட்டும் என்று, அவளிடம் சொல்லாமல், நகரத்தின் நடுவே ஓடும் கடற்கழியில் ஒரு படகை முழுதாக வாடகைக்குப் பேசியிருந்தேன். ஏறும்போது பார்த்தால் அவள் கையில் பெரிய பை.

"இது எதுக்கு?"

"பட்டினச்சேரி கருவாடுங்க. அவங்கவங்க கைல குடுக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

படகு நகர்ந்ததும் அவளுக்கு போன் வந்தது.

"போட்ல வர்றோம் தம்பி. எல்லாரையும் கூட்டிக்கிட்டு எதிர்க்கரைல நில்லுங்க."

நின்றார்கள், நான்கு ஊர்க்காரர்கள். பார்சலை வாங்கிய ஒருவன் சிரித்தான்.

"ஊர்ல பீச்சுக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாத ஆளு, இங்க தனி போட்டா மச்சான்?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு திரும்பியது. காலிப் பையை மடித்து வைத்துவிட்டு அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உடனே எறங்கணுமாங்க? இன்னொரு சுத்து போகச் சொல்லுங்களேன்."

சொன்னேன். அவள் போனையும் அணைத்துவிட்டாள்.