அறையின் வெறும் சத்தம்

நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கோவளத்தில் எல்லோரும் பாய் என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். இளவயதில் கட்சிக்காரர். விசாரணையே இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவர். கேமராவைப் பார்த்ததும் மனிதர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடியா? அதெல்லாம் இன்னா பெரிசா? ஜெயில்ல சோறு நல்லாத்தான் போட்டாங்கபா."

எதைக் கேட்டாலும் இதே சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

கிளம்பும் முன் வழக்கம்போல அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். படத்தொகுப்பில் பேச்சுக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவைப்படும். மின்விசிறியை நிறுத்தினோம். "நான் சொல்ற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது" என்று அதே எரிச்சலோடு கத்தினேன்.

பாய் நாற்காலியை விட்டு எழுந்தார். சுவரைப் பார்த்துத் தரையில் குந்தி, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி ஆச்சரியப்படவே இல்லை.

"போதும் பாய், முடிஞ்சிடுச்சு" என்றேன். அவர் அசையவில்லை. தோளைத் தொட்டேன். உடம்பு இன்னும் ஒடுங்கியது.

"இப்பிடிச் சொன்னா அவருக்குக் கேக்காதுபா" என்றார் அந்த அம்மாள். "'ஏந்திர்றா'ன்னு அதட்டு. நானும் அப்பிடித்தான் சொல்லுவேன்."

அந்தப் பதிவைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் கடல் இரைகிறது. பிறகு ஒரு குரல் அதட்டுகிறது. முதல் தடவையிலேயே எனக்கு அது சரியாக வந்திருக்கிறது.