வேர்க்கடலை இருந்த இடம்

புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடத்துவது கிருஷ்ணவேணி டீச்சருக்குப் பாடமே இல்லை. கையில் எடுத்து முகர்ந்து பார்க்காத பொருளைப் பிள்ளைகள் ஒப்பித்து என்ன ஆகப்போகிறது என்பார். தாமலுக்குப் பக்கத்தில் அந்த ஓராசிரியர் பள்ளிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பையில் சாப்பாட்டைவிடக் கிளிஞ்சலும் இலையும் காயும்தான் அதிகம்.

ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அட்டையை விரித்து விதைகளை ஒட்டினார். நெல், கேழ்வரகு, துவரை, ஆமணக்கு, வேர்க்கடலை. புத்தகத்தில் மசிப் படமாக இருந்ததெல்லாம் சுவரில் நிஜமாகத் தொங்கியது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஏரி வறண்ட வருஷம் அது. பள்ளியில் மதியச் சோறு நின்றுபோயிருந்தது. அட்டையில் வேர்க்கடலை மட்டும் அடிக்கடி காணாமல் போகும். எலி தின்றுவிட்டது என்று சொல்லி மறுபடி ஒட்டுவார். அந்த எலி யாரென்று அவருக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புச் செல்லியின் வாய் அசைவதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்திருக்கிறார்.

பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்த நேரம் பார்த்து விதைகளில் வண்டு விழுந்திருந்தது. டீச்சர் புதிதாக ஒட்டி, விதை நெல்லுக்குப் போடும் வண்டு மருந்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசினார். விஷம், யாரும் தொடக்கூடாது என்று வகுப்பில் பலமுறை சொன்னார். அன்றைக்குச் செல்லி வரவில்லை. அம்மா பொன்னியம்மாளோடு கல் உடைக்கப் போயிருந்தாள். மறுநாள் வந்தவளிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று, அவ்வளவு படித்த டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

மதியம் செல்லிக்கு வாயில் நுரை தள்ளியது. வழியில் போன லாரியை நிறுத்தி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வருவதற்குள் டீச்சரின் மடியிலேயே குழந்தையின் உயிர் போய்விட்டது.

பொன்னியம்மாள் கைநிறையக் கல்தூசியோடு வந்தாள். வெகுநேரம் அழுதுவிட்டுத்தான் பேசினாள்.

"எம்பொண்ணு திருடி இல்ல டீச்சரம்மா. பசிச்சிக்கினு இருக்கற கொயந்தைங்க எதிர்ல துன்ற பண்டத்த மாட்டி வெச்சிட்டு, துன்னாதன்னா எப்பிடிமா?"



கூலிக்காரி வீட்டுச் சாவை யார் கேட்கப்போகிறார்கள்? டீச்சர் அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் வந்த இன்ஸ்பெக்டருக்கு எதுவும் தெரியாது. பாடத்துக்குத் துணைப்பொருள் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, பீரோவைத் திறக்கச் சொல்லி அட்டையைப் பார்த்தார். வெகுவாகப் பாராட்டினார்.

"வேர்க்கடலை ஒண்ணுதான் விட்டுப்போயிருக்குது. அதையும் ஒட்டிடுங்கம்மா."

டீச்சர் அன்று சாயங்காலமே அட்டையைக் கொளுத்திவிட்டார்.

ஓய்வு பெறும்வரை புத்தகத்தைத் தவிர வேறெதையும் வைத்து அவர் பாடம் நடத்தவில்லை. பையில் மட்டும் தினமும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். காலையில் எல்லார் கையிலும் கொடுப்பார். கடைசிப் பிள்ளை தின்று முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார்.