நீர்மூழ்கிக்குப் பின்னால் பறந்தவன்

காற்றில் தானாகச் சுழலும் இறக்கைகளால் பறக்கும் ஆட்டோஜைரோக்கள் கப்பல்களிலும் நீர்மூழ்கிகளிலும் பயன்பட்ட கதையைத் தேதிவாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். லண்டனின் செவன் கிங்ஸில் தனியாக இருப்பவனுக்கு அது போதுமான வேலை.

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு வந்தபோது திணறினேன். அவற்றில் இருந்த ஆட்டோஜைரோவுக்கான கையேட்டின் நகல் கிடைத்தது; அது ஜெர்மன் மொழியில் இருந்தது. இருபது வருடம் ஜெர்மனியில் சமையல் வேலை பார்த்துவிட்டு லண்டனுக்கு வந்த நண்பர் ஒருவர், சனிக்கிழமைகளில் வந்து வாசித்துச் சொல்ல ஒப்புக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பக்கம். எஞ்சின் கிடையாது. நீர்மூழ்கி கம்பியால் இழுத்துக்கொண்டு ஓட, காற்றில் சுழலும் மூன்று இறக்கைகள் ஓர் ஆளைத் தூக்கிப் போகும். தூரத்துக் கப்பல்களைக் கண்டு அவன் தொலைபேசியில் கீழே சொல்வான். நீர்மூழ்கி அவசரமாக மூழ்க நேர்ந்தால், இறக்கைகளைக் கழற்றிவிட்டு அவன் பாரசூட்டில் கடலில் இறங்க வேண்டும்.

“பிறகு அவனை ஆர் ஏத்துறது?” என்றேன்.

“நேரமிருந்தால் திரும்பி வருவினமாம். இதுக்கு நான் வெங்காயம் வெட்டினது எவ்வளவோ மேல், அண்ணை.”

நான்கு பக்கம் மிச்சமிருந்தபோது, மகளோடு இருக்க பர்மிங்காம் போகப்போவதாகச் சொன்னார். அவர் போனதும் கடைசித் தாளை உருவி அகராதிக்குள் வைத்தேன். கையேடு முடியாதவரை அவர் வருவார் என்று ஒரு கணக்கு. மற்றவை முடிந்ததும், சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் பழைய பக்கங்களையே மறுபடி வாசிக்க வைத்தேன். மூன்று சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

மூன்றாவது சனிக்கிழமை தேநீரை முடித்துவிட்டு, “நாளைக்கு வெளிக்கிடுறன். அந்தக் கடைசித் தாளைத் தாங்கோ” என்றார்.

“எந்தத் தாள்?”

“அகராதிக்குள்ள கிடக்கிற தாள். அடுத்த கிழமையே அகராதியைப் புரட்டேக்க கண்டனான்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“எனக்கு மட்டும் சனிக்கிழமையில போறதுக்கு வேற வீடு இருக்கோ?”

அந்தத் தாளில் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் இயந்திரத்தைப் பிரித்து, நீர் புகாத குழாய்களுக்குள் அடுக்கி மூடும் முறை. பத்து நிமிடத்தில் வாசித்து முடித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதினேன். கீழே எழுத ஒன்றும் இருக்கவில்லை.