வடக்கு வேலியில் விழுந்த வழி

மோகனூருக்கு மேற்கே இருந்த எங்கள் தோட்டத்துக்கு நான்கு பக்கமும் கிளுவை வேலி. தெற்கும் மேற்கும் எங்கள் பொறுப்பு. வடக்கு வேலி அதற்கு அப்பால் இருந்தவருக்குத் தெற்கு வேலி. ஆகவே அது அவருடையது. சுற்றுவட்டாரம் முழுக்க இதுதான் ஏற்பாடு. கோடை மழைக்கு முன் அவரவர் வேலியைக் கழித்து, இற்ற இடத்தில் முள் வைத்து அடைத்துவிடுவார்கள். அடுத்தவர் வேலியில் கைவைப்பது கிடையாது. வைத்தால், அந்த வீட்டில் அரிவாள் பிடிக்க ஆள் இல்லை என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

நான் படிப்பை முடித்து வீட்டில் இருந்த வருஷம், வடக்கு வேலி அடைபடவில்லை. மாடு நுழையும் அகலத்துக்கு அதில் வழி விழுந்திருந்தது. அங்கிருந்து இருபது அடியில் எங்கள் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது.

வடக்குத் தோட்டத்துக்காரர் தனிக்கட்டை. மூன்று ஏக்கரும் ஒரு ஜோடி எருதும்தான் அவருக்கு எல்லாம். தம்பி மகன்கள் இருவர் அந்த நிலத்தைத் தங்களிடம் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்பா ஒருநாள் வேலியோரம் நின்று, ஆள் இரண்டு அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, நான் செத்துட்டனுங்களா?" என்றார் அவர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. வலது கை துண்டுக்குள் இருந்தது.

அவருக்குக் கை விழுந்துவிட்டது வெளியே தெரியக் கூடாது என்று அப்பா வீட்டில் சொன்னார். தெரிந்தால் தம்பி மகன்கள் ஒரு வாரம் பொறுக்க மாட்டார்கள். வேலியை நாங்கள் அடைத்தாலும் தெரிந்துவிடும். ஆகவே எங்கள் பக்கத்திலேயே, கிணற்றைச் சுற்றி முள் போட்டார். மூன்று பக்கம்தான். நான்காவது பக்கம் வாரி. கவலையில், அதாவது எருது பூட்டித் தோல் சாலில், தண்ணீர் இறைக்கும்போது எருதுகள் கயிற்றை இழுத்து இறங்கி, பிறகு திரும்பாமல் பின்னாலேயே நடந்து கிணற்று விளிம்புவரை ஏறும் சரிவு. தினமும் இறைக்க வேண்டியிருந்ததால் அதை அடைக்க முடியாது. பழகிய மாடு அங்கே தவறாது என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகவே பட்டது.

அதன்பின் இரண்டு முறை எங்கள் பக்கத்தில் சாணி கிடந்தது. முள்ளில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.

ஒரு காலையில் அவருடைய மூத்த எருது கிணற்றில் மிதந்தது. வாரியில் குளம்புத் தடங்கள் தெளிவாக இருந்தன. இறங்கிய தடமும் ஏறிய தடமும் கிணற்றுக்கு முதுகு காட்டியே இருந்தன. பல வருஷம் கவலை இழுத்த மாடு. பழக்கப்படி இறங்கி, பழக்கப்படி பின்னால் நடந்திருக்கிறது. நிறுத்த அங்கே யாரும் இல்லை. அவருடைய கட்டுத்தறியில் கயிறு அறுபடவில்லை. இடது கையால் போட்ட முடிச்சு அவிழ்ந்திருந்தது.

தூக்குவதற்கு ஊரே வந்தது. தம்பி மகன்களும் வந்தார்கள். அவர் இடது கையால் வடத்தைப் பற்றினார்.

"பெரீப்பா, சோத்துக் கையையும் போடுங்க" என்றான் மூத்தவன்.

துண்டு நழுவியது. கை தொங்கியது. வடம் பிடித்திருந்தவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எத்தன நாளா இப்பிடிங்க?" என்று அவன் கேட்டது அப்பாவை. அப்பா குனிந்து துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

நான்காம் நாள் வடக்கு வேலியில் அரிவாள் சத்தம் கேட்டது. தம்பி மகன்கள் இருவரும் புது முள்ளை நெருக்கி அடைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமான வேலை. அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.